சுத்தமான திரை

என் அக்காவின் கணவரை அவர் அலுவலகத்தில் துடைப்பம் என்றுதான் சொல்வார்கள். காதுபடச் சொல்வதில்லை. சொல்லியிருந்தால் பெருமைப்பட்டிருப்பார்.

பள்ளிக்கூட நாளிலேயே பென்சில் சீவிய தூளைச் சட்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவாராம். அவருடைய அம்மா இதை இன்னமும் பூரித்துப்போய்ச் சொல்கிறார். மென்பொருள் படித்தார். ஒரு கம்பெனியில் மேலதிகாரியின் மேசையை ஒழுங்குபடுத்தப் போய் வேலையை இழந்தார். பிறகு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறை பிடித்துச் சொந்தக் கம்பெனி தொடங்கினார். ஊர் ஊராகத் திரிந்துவிட்டு வந்து நான் அவர்கள் வீட்டு சோபாவில் கிடந்த நாட்களில், என் பையையும் அடுக்கி வைத்தார். பாஸ்போர்ட் எங்கே போனதென்று அவருக்கே தெரியவில்லை.

கம்பெனி வேலையையெல்லாம் கிட் என்கிற மென்பொருளில் வைப்பார்கள். யார் எதை மாற்றினாலும் அது நினைவில் வைத்துக்கொள்ளும். ஒரு பிரதி வெளியே சர்வரில் இருக்கும். கணினி செத்தாலும் வேலை சாகாது. குப்பைக் கோப்புகள் சேராமலிருக்க அதற்கு ஒரு விலக்குப் பட்டியல் உண்டு. அதில் ஒரு வரி எழுதிவிட்டால், அந்த வகைக் கோப்புகளை கிட் ஏறெடுத்தும் பார்க்காது. யோசித்து எழுதுகிறவர்களுக்கு நல்ல ஏற்பாடுதான்.

அத்தான் யோசிக்கிற ரகம் இல்லை. இன்னும் சேர்க்காத கோப்புகளை கிட் சிவப்பு எழுத்தில் காட்டும். சிவப்பைக் கண்டால் அவருக்கு உடம்பு அரிக்கும். இது என்ன கோப்பு, யாருடையது என்று கேட்டுப் பார்ப்பதைவிடப் பட்டியலில் ஒரு வரி சேர்ப்பது சுலபம். திரை பளிச்சென்று ஆகிவிடும். எல்லாம் சுத்தம் என்று கிட் சொன்னதும், பரீட்சையில் முதலாவதாக வந்தவர் மாதிரி நாற்காலியில் சாய்ந்துகொள்வார்.

காது கேட்கும் கருவி புதிதாகப் பொருத்திய பிள்ளைகளின் பள்ளி ஒன்று அவர் கம்பெனியிடம் ஒரு செயலி கேட்டிருந்தது. படத்தைத் தொட்டால் சொல் கேட்கும். அந்தக் குரல் அக்காவுடையது. சம்பளம் கிடையாது, வீட்டு ஆள்தானே. எதிரொலி வராமலிருக்கத் துணி அலமாரிக்குள் மைக்கோடு உட்கார்ந்து, தெருவில் லாரி போய் முடியும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லையும் மெதுவாக, வேகமாக, கேள்வியாக, கூப்பிடுகிற மாதிரி எனச் சொல்லிப் பதிந்தாள். பள்ளி திறக்கும்போது அது பிள்ளைகள் கையில் இருக்க வேண்டும்.

பதிவுகளை அவள் தன் கணினியில், திட்டத்தின் கோப்புறையில் போட்டாள். அத்தான் வந்து பார்த்தபோது அந்தத் திரை சிவப்பாக வழிந்தது. விலக்குப் பட்டியலில் ஒரு நட்சத்திரக் குறி, ஒரு புள்ளி, அதன் பின்னால் ஒலிக்கோப்பின் வகைப்பெயர். தீர்ந்தது. அவளிடம் சொல்லவுமில்லை. எத்தனையோ எல்லைகளில் என் பையைக் கவிழ்த்துப் பார்த்த சுங்கக்காரர்கள்கூட, எதை எடுத்துக்கொள்கிறோம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுத்தான் எடுத்தார்கள்.

சில வாரங்களில் அக்காவுக்குப் புதுக் கணினி வாங்கித் தந்தார். எல்லாம் கிட்டில் இருக்கிறது என்று பழையதைத் துடைத்தார். சும்மாவா துடைப்பார்? திரும்ப மீட்கவே முடியாதபடி, பூஜ்யங்களால் நிரப்பித் துடைத்தார். புதியதில் அக்கா செயலியைத் திறந்து நாய்ப் படத்தைத் தொட்டாள். மௌனம். பூனையும் மௌனம்.

"என்னங்க, என் குரலெல்லாம் எங்க?"

அத்தான் பட்டியலைத் திறந்து பார்த்தார். கழுத்தைச் சொறிந்தார். பிறகு, உலகத்துக்கே பாடம் எடுக்கிறவர் மாதிரி, "ரூல் சரியாத்தான்மா இருக்கு. அவ்ளோ பெரிய ஃபைல கிட்ல போடவே கூடாது. நீதான் தனியா ஒரு காப்பி வெச்சிருக்கணும்" என்றார்.

"அதுல போகலன்னு எனக்கு யாரு சொல்றது?"

கிட் சொல்லாது. சொல்லக்கூடாது என்றுதானே அந்த வரி. எந்திரக் குரலைப் போட்டுவிடலாம், பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரியவா போகிறது என்றார் அத்தான். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். நானாக இருந்தால் கணினியையே தலையில் போட்டிருப்பேன்.

மறுநாளே மைக்கை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போய்விட்டாள். விடுமுறை என்பதால் கட்டடம் காலியாக இருந்தது. போர்வைகள் அடுக்கிய சரக்கறையில் உட்கார்ந்து முதலிலிருந்து பதிந்தாள். பக்கத்தில் ஆசிரியை ஒருத்தி, எந்தச் சொற்கள் பிள்ளைகளுக்குக் குழம்பும் என்று சொல்லிக்கொடுத்தாள். பள்ளிக் கணினியில் ஒரு பிரதி, டிஸ்கில் ஏற்றி என் பையில் ஒரு பிரதி. தொண்டை கட்டிப்போய் வீட்டில் சைகையில் பேசினாள். அத்தான் அதை மனத்தாங்கல் என்று நினைத்துக்கொண்டார். அதுவும் தப்பில்லை.

பள்ளி திறந்த அன்று தேய்த்த சட்டையோடு அங்கே வந்து நின்றார். "எல்லாத்தையும் நம்ம கிட்ல ஏத்திடும்மா. கம்பெனி பேர்லதான குடுக்கணும்?"

"அந்த வரிய எடுத்துட்டீங்களா?"

"அது வந்து... பொதுவா நல்ல ரூல்தான் அது."

அக்கா அவரைத் தாண்டிப்போய் டிஸ்கைத் தலைமையாசிரியையிடம் நீட்டினாள். "மேடம், குரல் என்னோடது. என் பேர்லயே வாங்கிக்குங்க. செயலிய அவர்கிட்ட வாங்கிக்குங்க."

தலைமையாசிரியை அவள் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். அத்தானோ கை சும்மா இராமல், பெஞ்சின் மேலிருந்த பிள்ளைகளின் தண்ணீர் பாட்டில்களை உயரப்படி வரிசைப்படுத்த ஆரம்பித்தார். ஒரு சிறுமி வந்து, நடுவிலிருந்த தன் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.