இரும்புக்கு வைத்த பூ

அக்கம்பக்கத்துக்கெல்லாம் ரவிக்கை தைத்துக்கொடுத்த என் மனைவி இறந்த பிறகு, சிதம்பரம் வீட்டில் நான் தனியாள். கடலூரில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவன், சும்மா இருக்கத் தெரியாது. தானே புயலுக்குப் பிறகு தெருவெல்லாம் வளைந்த தகரமும் ஃபேன் இறக்கையும் கிடந்தன. பொறுக்கிவந்து கொக்கு, நண்டு என்று பற்றவைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு பெண்ணுருவம் செய்தேன். முகத்துக்கு நசுங்கிய தட்டு, பின்னலுக்கு சைக்கிள் செயின். கூடத்தில் ஸ்டூலில் உட்காரவைத்தேன். அது யார் என்று யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல ஆள் ஏது?

ஆயுத பூஜையன்று பக்கத்து வீட்டு செல்வி பொரியும் சுண்டலும் கொண்டுவந்தாள். மூலையில் கிடந்த வெல்டிங் மெஷினைப் பார்த்து, "என்னா மாமா, சோறு போட்ட மெஷினுக்கு ஒரு பொட்டுகூட வெக்கலியா?" என்றாள். ஓடிப்போய்த் தன் வீட்டுக் குங்குமத்தை எடுத்துவந்து மெஷினுக்கு வைத்தாள். சுத்தியல், கொக்கு, நண்டு, எதையும் விடவில்லை.

அந்த உருவத்தின் முன்னால் வந்ததும் அவள் கை நின்றது.

"அத்தை இப்டித்தான மாமா தலையச் சாச்சிக்கினு தைப்பாங்க?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

நெற்றியில் பொட்டு வைத்தாள். பிறகு தன் தலையிலிருந்த மல்லிகையில் கொஞ்சம் கிள்ளி, அந்தச் செயினில் செருகிவிட்டுப் போனாள்.

தலையில் சூடிய பூவை இறந்தவர் படத்துக்கு யாரும் வைப்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குத்தான் கிள்ளிக் கொடுப்பார்கள்.

அன்று சுண்டலை ஸ்டூலில் இருந்தவளுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டேன். அவளை நினைக்க இந்த ஊரில் நான் ஒருவன்தான் மிச்சம் என்று அதுவரை நம்பியிருந்தேன்.