எழிலன் நீட்டிய அட்டை

என் அக்கா பவானி குழந்தைகள் உளவியல் படிக்கிறாள் என்று சொன்னால், கடலூர் சிப்காட்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் தெருவில் யாருக்கும் புரியாது. "டாக்டரா?" என்பார்கள். இல்லை என்றால், "அப்ப டீச்சரா?" என்பார்கள். அதுவும் இல்லை என்றதும் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். எங்கள் சித்தப்பா மட்டும் நேராகவே கேட்டார்.

"ஏம்மா, பைத்தியம் பாக்குற படிப்பா? அதுக்கு எதுக்கு ஃபீஸ் கட்டி சிதம்பரம் போற? நம்ம தெருவுலயே ஓசியில கத்துக்கலாமே!"

அக்காவும் சேர்ந்துதான் சிரித்தாள். இரண்டாம் ஆண்டில் அவளைப் பயிற்சிக்கு அனுப்பியபோது அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

இந்தப் படிப்பில் பரீட்சை எழுதினால் மட்டும் போதாது. ஒரு பருவம் முழுக்க, சிகிச்சைக்குக் குழந்தைகள் வருகிற இடத்துக்குப் போய், அனுபவமுள்ள ஒருவரின் மேற்பார்வையில் வேலை செய்ய வேண்டும். அக்காவுக்குக் கிடைத்தது சிதம்பரம் பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில், ஒரு வாடகை வீட்டில் நடந்த சின்ன மையம். அது 2010ஆம் ஆண்டு. தினமும் கடலூரிலிருந்து பஸ்ஸில் போய் வருவாள். மையத்தை நடத்திய ஞானாம்பாள் மேடம் கொஞ்சம் கண்டிப்பானவர். முதல் வாரமே ஒரு பிள்ளையை அக்காவிடம் விட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாராம். அன்று வீட்டுக்கு வந்த அக்கா சாப்பிடவில்லை.

"பேப்பர்ல தப்பா எழுதுனா மார்க்குதான் போவும். இங்க தப்பு பண்ணா யாருக்கு என்னா போவும்னே தெரியல" என்றாள்.

அவளிடம் விடப்பட்ட பிள்ளையின் பெயர் எழிலன். ஏழு வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. ஒரு வார்த்தை பேச மாட்டான். பசித்தாலும் தாகம் எடுத்தாலும் சுவரில் தலையை மோதிக்கொள்வான். அவனுக்கு என்ன வேண்டும் என்று அவன் அம்மா மலர்க்கொடி ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவாள். சரியானது கையில் வருகிற வரைக்கும் மோதிக்கொண்டே இருப்பான். நெற்றியில் ஒரு தழும்பு காய்த்துப்போயிருந்தது. கல்லூரி விடுதிச் சமையலறையில் வேலை செய்த மலர்க்கொடி, காலையில் அவனை மையத்தில் விட்டுவிட்டுப் போய், வேலை முடிந்ததும் வந்து அழைத்துப் போவாள். அவனுக்குப் பிடித்தவை இரண்டுதான். ஒன்று பஸ். இன்னொன்று தண்ணீர். வாளி நிறையத் தண்ணீர் இருந்தால் அதற்குள் முகத்தை வைக்கப் போவான்.

பேசாத பிள்ளைகளுக்குப் படத்தால் கேட்கக் கற்றுத் தருவது ஒரு முறை. தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளர் படம் போட்ட அட்டையை எடுத்து ஆளிடம் கொடுக்க வேண்டும். கொடுத்தால் தண்ணீர் கிடைக்கும். அக்கா அட்டைகளை வீட்டில்தான் செய்தாள். கெட்டியான அட்டைக்கு எங்கே போவது? பரண் மேல் கிடந்த பழைய கல்யாணப் பத்திரிகைகளை இறக்கினாள். கத்தரிக்கோலைப் பார்த்ததும் அம்மா பதறிவிட்டாள்.

"மஞ்ச தடவுன பத்திரிகைய வெட்டாதடி, ஆவாது!"

"பழசும்மா."

"மத்தத வேணா வெட்டிக்க. சடையப்பன் மாமா ஊட்டுப் பத்திரிகைய உட்டுடு. பொண்ணு மாசமா இருக்குறா."

ஆனால் அதுதான் இருந்ததிலேயே கெட்டி. எழிலன் அதிகம் கசக்கப்போவது பஸ் அட்டையைத்தான் என்று அக்காவுக்குத் தெரியும். அம்மா அந்தப் பக்கம் போனதும் அதை வெட்டி, ஒரு பக்கம் நாளிதழில் வந்த பஸ் படத்தை ஒட்டினாள். மறுபக்கத்தில் மாமாவின் பெயரும் ஊரும் அச்சடித்தபடியே இருந்தன. அதை மறைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

எழிலன் கற்றுக்கொண்டான். டம்ளர் படத்தை அவனாக எடுத்துக் கொடுத்த நாளில் மலர்க்கொடி வாசலில் உட்கார்ந்து அழுதாளாம். அதைவிடக் கஷ்டம், கொடுத்துவிட்டுக் காத்திருக்கப் பழக்குவது. அக்கா உள்ளங்கையை உயர்த்திக் காட்டுவாள். அவன் அட்டை வாங்கியவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். முதலில் ஒரு மூச்சு நேரம் நின்றான். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நிறைய நேரம் நிற்கப் பழகினான்.

அப்போது ஞானாம்பாள் மேடம் சொன்னார்: "உன்கிட்ட மட்டும் குடுத்தா அது பழக்கம் பவானி. யார்கிட்ட வேணும்னாலும் குடுத்தாதான் அது பேச்சு."

அதனால் ஆயா ரத்தினம்மாளிடம் கொடுக்க வைத்தாள். மற்ற அம்மாக்களிடம் கொடுக்க வைத்தாள். ஒருநாள் அவன் கையைப் பிடித்துப் பேருந்து நிலையத்துக்கே கூட்டிப்போய், ஒரு கண்டக்டரிடம் சொல்லிவைத்து, அவரிடம் பஸ் அட்டையைக் கொடுக்கச் செய்தாள். அவர் அவனை ஏற்றி ஜன்னலோரம் உட்கார வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து இறக்கிவிட்டார். எழிலன் வழியெல்லாம் கையை உதறிக் குதித்துக்கொண்டு வந்தானாம். அக்கா அன்று எங்களிடம் அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் பயமே இல்லை.

ஐப்பசியில் ஒருநாள் மேடம் பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தார். காலையிலிருந்து மழை விட்டுவிட்டுப் பெய்தது. மையத்துக்கு வந்த ஒரு சிறுமிக்குத் திடீரென்று வலிப்பு வந்தது. அக்கா அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பக்கத்திலேயே இருந்தாள். ரத்தினம்மாள் ஆட்டோ கூப்பிட ஓடினாள். ஓடிய அவசரத்தில் கேட்டைச் சாத்தவில்லை. சிறுமியை அவள் அம்மாவோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு அக்கா திரும்பினால், எழிலனின் செருப்பு மட்டும் கிடந்தது.

அட்டைகள் மாட்டியிருந்த சுவரைப் பார்த்தாள். டம்ளர் இருந்தது. பிஸ்கட் இருந்தது. பஸ் இல்லை.

ஒரு கணம் தனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது என்று அக்கா பிற்பாடு சொன்னாள். யாரும் சொல்லாமல் தானாகவே எழுந்துபோய் எடுத்திருக்கிறானே என்று. அடுத்த கணம் திறந்து கிடந்த கேட் கண்ணில் பட்டதாம்.

பேருந்து நிலையத்துக்கு ஓடினாள். நேரக்காப்பாளர் அறையில் இருந்தவரிடம் கேட்டாள்.

"அண்ணா, நீலச் சட்ட போட்ட சின்னப் பையன் தனியா வந்தானா?"

"பேரச் சொல்லிக் கூப்புடு பாப்பா, வருவான்."

"கூப்புட்டா திரும்ப மாட்டான். பேசவும் மாட்டான்."

"பேசாத புள்ளையா? எங்க ஊட்டுல மூணு கெடக்கு, வாயே மூடல. மாத்திக்கிறியா?"

நின்றவர்கள் சிரித்தார்கள். அக்காவின் முகத்தை நிமிர்ந்து பார்த்த பிறகுதான் அவர் எழுந்து வெளியே வந்தார். வேர்க்கடலையை வேகவைத்து, மல்லாட்டை என்று கூவி விற்றுக்கொண்டிருந்த தைலம்மாள் குரல் கொடுத்தாள்.

"ஏ பொண்ணு, வெறுங்காலோட ஒரு பையன் கல்யாணப் பத்திரிகைய நீட்டிக்கிட்டு நின்னானே, அவனா? குமராட்சி மினிபஸ்காரன் வாங்கிப் படிச்சான். நம்ம ரூட்டு ஊருதான், கல்யாண ஊட்டுக்காரங்க புள்ளைய உட்டுட்டுப் போயிட்டாங்கன்னு ஏத்திக்கினு போனான்."

மினிபஸ்காரர்கள் பார்த்தது பஸ் படத்தை அல்ல, அதன் மறுபக்கத்தை. சடையப்பன் மாமாவின் ஊர் குமராட்சியைத் தாண்டி, மினிபஸ் திரும்புகிற இடம். மாமா வீட்டுக்குப் பின்னாலேயே கொள்ளிடத்தின் கரை. ஆற்றில் தண்ணீர் திறந்திருக்கிறார்கள், கரையோரம் யாரும் போக வேண்டாம் என்று காலையில்தான் செய்தியில் சொல்லியிருந்தார்கள்.

மாமாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. போனில் விஷயத்தைக் கேட்ட மேடம், "நான் போலீஸ் ஸ்டேஷனுக்குச் சொல்லிடுறேன். நீ ஆட்டோ புடிச்சி உடனே போ. அவங்க அம்மாவுக்கு இப்பவே சொல்லு, மறைக்காத" என்றார். மலர்க்கொடி கையில் மாவு காயாமலே ஓடி வந்தாள்.

ஆட்டோவில் இருவரும் குமராட்சிப் பாதையில் போனார்கள். இரண்டு பக்கமும் நடவு வயல்களில் மழைநீர் நின்றது. தண்ணீரைப் பார்க்கப் பார்க்க மலர்க்கொடியின் மூச்சு மாறியது.

"மலர்க்கொடிக்கா..."

"பேசாத." அவள் திரும்பவே இல்லை. "பேச மாட்டான், செவுத்துல முட்டிக்குவான். ஆனா ஊட்டுலயே கெடந்தான். வாசப்படி தாண்டத் தெரியாது எம்புள்ளைக்கு. நீதான மிஸ்ஸு கத்துக் குடுத்த? நல்லாத்தான் கத்துக் குடுத்த."

அக்கா ஆட்டோக்காரரிடம் இன்னும் வேகமாகப் போகச் சொன்னாள்.

குமராட்சி தாண்டியதும் எதிரே அந்த மினிபஸ் வந்தது. ஆட்டோக்காரர் குறுக்கே நிறுத்தினார். கண்டக்டர் அன்பரசு இறங்கி வந்தார்.

"ஊட்டு வாசல்லயே எறக்கி உட்டேம்மா. பத்திரிகையையும் அவன் கையிலயே குடுத்துட்டேன். கதவு சாத்தியிருந்துச்சி, உள்ள ஆளு இருப்பாங்கன்னு..." மலர்க்கொடியைப் பார்த்ததும் வீடு இருக்கும் பக்கம் கையைக் காட்டினார்.

மாமா வீட்டுக் கதவு வெறுமனே சாத்தியிருக்கவில்லை, பூட்டியிருந்தது. மகளுக்கு வலி எடுத்து எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள் என்று எதிர்வீட்டில் சொன்னார்கள். வாசலிலிருந்து வீட்டைச் சுற்றிக்கொண்டு சேற்றில் சின்னச் சின்னக் காலடிகள் போயின. கொல்லையைத் தாண்டி, கரை ஏறும் பாதையில் போயின. கரைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

மலர்க்கொடி அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீ போயி பாரு. என்னால ஏற முடியாது. நீ பாத்துட்டு வந்து சொல்லு."

அக்கா தனியாகக் கரை ஏறினாள். இரண்டு இடத்தில் வழுக்கி விழுந்தாள். மேலே போய்ப் பார்த்தபோது ஆறு செம்மண் நிறத்தில் கரைக்குக் கரை நிறைந்து போய்க்கொண்டிருந்தது. முதலில் கண்ணில் பட்டது புல் அறுக்க வந்த ஒரு பெண். அரிவாளைக் கீழே போட்டுவிட்டு, அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு எதிரே, ஆற்றுப்பக்கச் சரிவில், தண்ணீருக்கு ஓரெட்டு மேலே எழிலன் நின்றான். ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வராத, வராத" என்று அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள். "கிட்ட போனா பின்னால போறான்மா. இத எங்கையில குடுத்துட்டு இப்புடியே நிக்கிறான். என்னா வேணும்னு தெரியல. நான் நவுந்தா அவனும் நவுந்துடுவானோன்னு எனக்குக் கை காலு ஓடல."

அவள் கையில் பஸ் அட்டை இருந்தது. அவன் கொடுத்துவிட்டான். கற்றுக்கொடுத்தபடியே காத்திருந்தான்.

அக்கா அட்டையைக் கையில் வாங்கி, அந்தப் பெண் நின்ற இடத்தில் தான் நின்றாள். கத்தவில்லை. உள்ளங்கையை உயர்த்திக் காட்டினாள். எழிலனின் பார்வை அந்தப் பெண்ணை விட்டு அக்காவுக்கு வந்தது. அவன் காலடியில் ஈரமண் கொஞ்சம் சரிந்து தண்ணீரில் விழுந்தது. அவன் அசையவில்லை.

"எழிலா, பஸ்ஸா? பஸ்ஸு வேணுமா? வா, போவலாம்."

அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி அக்கா மற்ற கையை நீட்டினாள். அவன் மேலே ஏறி வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

மலர்க்கொடி அவனை அடிக்கவில்லை, கொஞ்சவும் இல்லை. முந்தானையால் அவன் கால் சேற்றைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அட்டையை அக்காவிடமிருந்து வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பிறகு அவள் மையத்துக்கு வரவில்லை. "கேட்டுக்குப் பூட்டுப் போடாதது என் தப்பு, யார்கிட்ட வேணும்னாலும் குடுக்கச் சொன்னதும் நான்தான்" என்று மேடம் சொன்னார். அக்கா அதைக் காதில் வாங்கவில்லை. படிப்பை விட்டுவிடுகிறேன் என்று வீட்டில் சொன்னாள். அம்மாவும் அவளைத் தடுக்கவில்லை. சடையப்பன் மாமாவுக்குப் பேரன் பிறந்து எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகும், அம்மா பரணிலிருந்த மற்றப் பத்திரிகைகளை மூட்டை கட்டிக் கோயிலில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.

கார்த்திகை பிறந்த பிறகு, பருவத்தை மட்டும் முடிக்க அக்கா போய்வந்துகொண்டிருந்தபோது, ஒருநாள் மலர்க்கொடி எழிலனோடு மையத்துக் கேட்டில் நின்றாள். அவன் நெற்றியில் பழைய தழும்பின் மேல் புதிதாக ஒரு காயம் இருந்தது.

"அந்த அட்டைய அடுப்புல போட்டுட்டேன் மிஸ்" என்றாள். "மறுபடியும் செவுத்துல முட்டிக்கிறான். அதையும் பாக்க முடியல, இதையும் பாக்க முடியல. மறுபடி கத்துக் குடு. ஆனா நான் கூட இருப்பேன். லீவு சொல்லிட்டுதான் வந்துருக்கேன்."

அக்கா புதிய பஸ் அட்டை செய்தாள். கடையில் வாங்கிய வெள்ளை அட்டையில், பின்பக்கம் மலர்க்கொடியின் போன் நம்பரைப் பெரிதாக எழுதினாள். முன்பு யாரிடம் வேண்டுமானாலும் கொடுக்கப் பழக்கியவள், இப்போது அம்மாவிடம் மட்டும் கொடுக்கப் பழக்கினாள். அவன் குழம்பினான். சில நாள் கடித்தான். அக்காவின் மணிக்கட்டில் அந்தப் பல் தடம் இன்னும் இருக்கிறது.

பயிற்சி முடிகிற வாரம், மேடம் சொன்னபடி, மூவரும் மறுபடி பேருந்து நிலையத்துக்குப் போனார்கள். எழிலனின் ஒரு கை அக்காவிடம், ஒரு கை மலர்க்கொடியிடம். அங்கே நின்றது அதே குமராட்சி மினிபஸ். அன்பரசு டிரைவரைப் பார்த்துக் கத்தினார்.

"மச்சான், கல்யாண ஊட்டுக்காரரு வந்துட்டாரு! மாப்ளைக்கு ஜன்னல் சீட்டு போடு!"

எழிலன் அவரைப் பார்த்தான். அட்டையை எடுத்தான். கொஞ்ச நேரம் யாரிடமும் நீட்டாமல் வைத்திருந்தான். பிறகு அம்மாவிடம் கொடுத்தான். மலர்க்கொடி அவனை ஏற்றித் தானும் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

வண்டி கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. டிரைவர் கீழே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். அது தெரிந்தும் அக்கா படிக்கட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர்கள் இறங்குகிற வரைக்கும் விடவில்லை.