இரண்டு அடுக்கு என்று சொன்னவள்

ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லாரும் டேப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பென்சிலுக்குள் இருக்கிறதே கரி, அதை டேப்பில் ஒட்டி, உரித்து, மறுபடி ஒட்டி, உரித்து, ஓர் அணு கனத்துக்குக் கொண்டுவருவது அவள் வேலை. பதினெட்டு வருடமாக இதேதான். "டேப் கிழிக்கறதுக்கா சம்பளம் தர்றாங்க?" என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். கிழிப்பது யாருக்கும் வரும், ஐயா! மைக்ரோஸ்கோப்பில் நிறத்தை வைத்தே எது ஓர் அடுக்கு, எது இரண்டு என்று சொல்வாள் பாருங்கள், அதற்குத்தான் சம்பளம். அக்கா சொன்னால் அப்புறம் கருவியில் வைத்துச் சரிபார்க்க மாட்டார்கள்.

அந்தக் கண்ணில்தான் ஆறு மாதமாகப் புகை படிந்த மாதிரி இருந்தது. அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. கண் போனால் வேலையும் போச்சு என்ற பயம்.

அன்று காலை ஆராய்ச்சி மாணவன், மூன்று வாரம் மெனக்கெட்டுச் செய்த மின்னணுச் சில்லை, அளவெடுக்கும் இயந்திரத்தில் வைத்தான். அவள் இரண்டு அடுக்கு என்று எடுத்துக் கொடுத்த துண்டு அதில் இருந்தது. மேலும் கீழும் மின்புலம் கொடுத்தால் இரண்டு அடுக்கு மின்சாரத்தை மறித்து நிற்கும், திரையில் தடையின் கோடு ஏறும். ஒற்றை அடுக்குக்கு அந்தக் குணம் கிடையாது. டேப் அக்கா துடைத்த மேசையையே துடைத்துக்கொண்டு நின்றாள்.

மாணவன் மின்புலத்தைக் கூட்டினான். கோடு ஏறவில்லை. இன்னும் கூட்டினான். ம்ஹூம்.

"வயர்ல ஏதாச்சும் கோளாறா இருக்கும்க்கா," என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"வயர் இல்லப்பா, என் கண்ணு." சொல்லியே விட்டாள். "அன்னிக்கே சந்தேகமாத்தான் இருந்துச்சு. சொல்ல வாய் வரல. உன் மூணு வார உழைப்ப மண்ணாக்கிட்டேன்." அழுகை வந்துவிட்டது.

அவன் சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினான். "கண் டாக்டர்கிட்ட உங்க பேர்ல நேரம் வாங்கியிருக்கேன்க்கா. மைக்ரோஸ்கோப் லைட்ட நாளுக்கு நாள் ஏத்திக்கிட்டே போறீங்க, எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா இந்தத் துண்ட வச்சுச் செஞ்ச?"

"முதல்லயே கருவியில வச்சுச் சரிபார்த்தா உங்களுக்கு மனசு கஷ்டப்படுமேன்னு..."

"அறிவிருக்கா உனக்கு? மூணு வாரம்டா!" அழுதுகொண்டே திட்டினாள்.

"கண்ணச் சரி பண்ணிட்டு வாங்க. அடுத்த துண்டையும் நீங்கதான் எடுத்துத் தரணும்."

அவள் சீட்டை வெளிச்சத்தில் பிடித்தாள், தள்ளிப் பிடித்தாள், கிட்டே கொண்டுவந்தாள். பிறகு அவனிடமே கொடுத்தாள்.

"எத்தன மணிக்குன்னு போட்டிருக்கு? நீயே பார்த்துச் சொல்லுப்பா."