காலர் அத்தை

எங்கள் அத்தைக்குச் சட்டை தைக்கத் தெரியாது. அவள் வேலை பார்த்ததோ சட்டைக் கம்பெனியில், அதுவும் தையல் மெஷினில். இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். நாங்களும் அப்போது சிரித்தோம். எனக்கு ஒன்பது வயது. சிரிப்பு வந்தால் சிரிக்கிற வயது.

அத்தை என் அப்பாவின் தங்கை. கல்யாணம் ஆகவில்லை. ஊரிகம் தங்கவயலில் மைன்ஸ்காரர்களுக்குக் கொடுத்த லைன் வீட்டில் எங்களோடுதான் இருந்தாள். அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் நந்திதுர்க் சுரங்கத்தில் இறங்கிக்கொண்டிருந்தார். மைன்ஸை மூடப்போகிறார்கள் என்று தினமும் பேச்சு வரும், தினமும் ஷிஃப்டும் நடக்கும். ஆண்கள் டீக்கடையில் அதைப் பேசித் தீர்த்துக்கொண்டிருந்தபோது, லைனில் இருந்த பெண்கள் பேசாமல் போய் பெங்களூர் ரயிலில் ஏறிவிட்டார்கள். விடியுமுன் போய் இருட்டிய பிறகு வருவார்கள். கார்மெண்ட்ஸ் என்று அதற்குப் பெயர். அங்கே யார் என்ன தைக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. ரயில் ஏறினால் டெய்லர், அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் யாருக்கு வேலை கிடைத்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: அண்டர்கிரவுண்டா, சர்ஃபேஸா? பள்ளிக்கூடத்தில் என்னைக் கேட்டார்கள். எங்கள் அத்தைக்கு சர்ஃபேஸ் வேலை என்று பெருமையாகச் சொன்னேன்.

வேலை நாட்களில் அத்தை தண்ணீர் குடிக்கமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை சொம்பு சொம்பாகக் குடிப்பாள். "இன்னா பாப்பா, ஒட்டகமா நீ?" என்று அம்மா கேலி செய்வாள். அம்மா அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவாள். அத்தை வாயைத் துடைத்துக்கொண்டு சிரிப்பாள். கம்பெனியில் பாத்ரூம் போக வேண்டுமென்றால் சூபர்வைசரிடம் டோக்கன் கேட்க வேண்டும். அவன் கன்னடத்தில் ஏதாவது சொல்லுவான், வரிசையில் இருக்கிற எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லுவான். அதற்குத் தாகமே தேவலை. வெளிநாட்டிலிருந்து பையர், அதாவது சட்டை வாங்குகிறவர், வருகிற நாளில் மட்டும் டோக்கன் கேட்க வேண்டியதில்லை, பாத்ரூமில் சோப்பும் இருக்கும். சாயங்காலம் அத்தையின் கையை முகர்ந்து பார்த்து, "இன்னிக்கு பையரா அத்த?" என்று கேட்பேன். பையர் என்பது பெங்களூரில் கொண்டாடுகிற ஏதோ ஒரு பண்டிகை என்று நினைத்திருந்தேன்.

அந்த வருஷம் எங்கள் பள்ளியின் ஆண்டு விழாவில் கப்பல் டான்ஸ் போட்டார்கள். கடலைக் கண்ணால் பார்க்காத எட்டுப் பிள்ளைகள், துடுப்பு போட்டுக்கொண்டு ஆட வேண்டும். எட்டில் நான் ஒருத்தி. எட்டுப் பேருக்கும் வெள்ளைச் சட்டை தைக்க வேண்டும் என்று ஹெட்மிஸ்டரஸ் தாய்மார்களைக் கூப்பிட்டுச் சொன்னார். அங்கேதான் என் அம்மா வாயை விட்டாள்.

"எங்க நாத்தனார் பெங்களூர்ல எக்ஸ்போர்ட் டெய்லர் மிஸ். அவ தெச்ச சட்ட எல்லாம் கப்பல்ல போவுது."

"அப்ப நம்ம கப்பலுக்கும் அவங்களே தைக்கட்டுமேம்மா," என்றார் ஹெட்மிஸ்டரஸ். நல்ல மனுஷி. சும்மா வேலை வாங்குகிறவர் அல்ல. "நல்லா வந்துச்சுன்னா வர்ற வருஷம் ஸ்கூல் யூனிஃபார்ம் பூரா அவங்களுக்கே குடுத்துர்லாம்."

அம்மா வீட்டுக்கு நடந்து வரவில்லை, பறந்து வந்தாள். அத்தை ரயிலிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் விஷயத்தைக் கொட்டினாள். அத்தையின் முகம் முதலில் செத்துப்போனது. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"யூனிஃபார்ம் பூராவா அண்ணி?"

"பூராவும். ஒன்னாங்கிளாஸ்ல இருந்து டென்த் வரிக்கும்."

"அப்ப டிரெயின் ஏற வேணாமா?"

"இன்னாத்துக்கு ஏறணும்? தோ கீது மெஷினு. ஊட்லயே குந்திகினு தெய்யி. தாகம் எடுத்தா தண்ணி குடி."

அத்தை போய் மெஷின்மேல் இருந்த தூசியைக் கையால் தள்ளினாள். பிறகு, "சரி அண்ணி, துணிய வாங்கியாரச் சொல்லு," என்றாள். அந்தத் தண்ணீர்தான் அவளைத் தள்ளியிருக்க வேண்டும்.

விழா ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின நாள், சனிக்கிழமை. கம்பெனியில் சனிக்கிழமையும் வேலை உண்டு. ஏதோ சரக்கு அவசரமாகக் கப்பலேற வேண்டியிருந்ததால் லீவு இல்லை என்றுவிட்டார்கள். அத்தை போகவில்லை. குளித்து, பொட்டு வைத்து, அம்மாவின் மிதி மெஷின் முன்னால் கல்யாணப் பெண் மாதிரி உட்கார்ந்தாள். கம்பெனியில் கரண்ட் மெஷின். கால் பட்டாலே பறக்கும். இங்கே மிதித்தால் சக்கரம் பின்னால் சுற்றி நூல் அறுந்தது. மறுபடி மிதித்தாள், மறுபடி அறுந்தது. "உங்கண்ணி மாதிரி அது. சொன்ன பக்கம் போவாது," என்றார் நைனா. அன்று அவருக்கு மத்தியான ஷிஃப்ட், வேடிக்கை பார்க்க நேரம் இருந்தது.

கால் பழகிய பிறகு அத்தையைப் பார்க்க வேண்டுமே. துணியில் சாக்பீஸால் கைக்குப் பழகிய ஒரு வடிவம் போட்டாள், அளவு டேப்பைத் தொடவேயில்லை. வெட்டினாள், உள்ளே விறைப்புத் துணி வைத்தாள், தைத்தாள், திருப்பினாள், முனையை ஊசியால் குத்தி எடுத்தாள், ஓரத்தில் இன்னொரு தையல் ஓட்டினாள். காலர். கடையில் கண்ணாடிக்குள் வைத்திருப்பார்களே, அப்படி ஒரு காலர். அடுத்து இன்னொன்று. பேசிக்கொண்டே தைத்தாள், பார்க்காமலே தைத்தாள். அரை மணி நேரத்துக்கெல்லாம் கட்டில்மேல் எட்டுக் காலர் வரிசையாகப் படுத்திருந்தது. பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு, மெஷின் பெங்களூரா, கை பெங்களூரா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பிறகு அத்தை மீதித் துணியைத் தரையில் விரித்தாள். கத்தரியை எடுத்தாள். அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"வெட்டேன் பாப்பா," என்றாள் அம்மா.

"வெட்டினதுதான் அண்ணி எங்கிட்ட வரும்."

"இன்னா வரும்?"

"காலர் பீஸு. நான் காலரு அண்ணி."

"காலருன்னா?"

"காலர்தான். போனதுல இருந்து காலர்தான். கை வைக்கிறது வேற ஆளு, பாக்கெட்டு வேற ஆளு, பட்டன் வேற ஆளு."

"அப்ப முழு சட்டய யாருதான் தெக்கிறது?"

அத்தை யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். "யாரும் தெக்கிறதில்ல அண்ணி," என்றாள்.

அம்மா முதலில் தலையில் கை வைத்தாள், பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். அம்மாவைப் பார்த்து நான் சிரித்தேன். எங்களைப் பார்த்து அத்தையும் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வர. நைனா மட்டும் சிரிக்கவில்லை. "இதுல இன்னா கீது சிரிக்க? நான் இத்தினி வருசமா தங்கம் வெட்டறேன்னு ஊரே சொல்லுது. ஒரு நாளு கண்ணால பாத்துக்கீறனா? கல்லு வருது, ஏத்தி வுடறேன். உங்கண்ணி கழுத்தப் பாரு, மஞ்ச கயிறு."

"அத மட்டும் கரெக்டா சொல்லு," என்று அம்மா ஒரு குத்து குத்திவிட்டு, கத்தரியைப் பிடுங்கிக்கொண்டாள்.

அம்மாவுக்குப் பாவாடை, உள்பாவாடை வெட்டத் தெரியும். அந்த அறிவை வைத்துக்கொண்டு எட்டுச் சட்டை வெட்டினாள். என்னை நிற்கவைத்து அளவெடுத்து, குண்டுப் பையனுக்குக் கொஞ்சம் கூட்டி, ஒல்லிப் பையனுக்குக் கொஞ்சம் குறைத்து, சாமிமேல் பாரத்தைப் போட்டு வெட்டினாள். அத்தை ஓட்டினாள். உடம்பு வந்தது, கை வந்தது, சாயங்காலத்துக்குள் சட்டை மாதிரி ஒன்று வந்தது. கடைசியில் காலரை எடுத்து என் கழுத்தில் வைத்தார்கள். அது என் கழுத்தைச் சுற்றி வந்து, மறுபடியும் பாதி சுற்றியது.

அத்தையின் கைக்கு ஒரே ஒரு கழுத்துதான் தெரியும். எங்கோ குளிர் நாட்டில் இருக்கிற, நன்றாகச் சாப்பிடுகிற, பெரிய ஆம்பளையின் கழுத்து. அவன் முகத்தை அவள் பார்த்ததில்லை. அவன் கழுத்து மட்டும் அவளுக்கு மனப்பாடம். ஒன்பது வயசுப் பிள்ளைகளுக்கு அந்த ஆளின் காலரைத் தைத்து வைத்திருந்தாள்.

வேறு துணி இல்லை. பின் கழுத்தில் மடித்து ஊக்கு குத்தி அனுப்பினார்கள்.

விழாவில் நாங்கள் மேடை ஏறினோம். எட்டுத் தொட்டியில் எட்டுத் தலை. காலர் காது வரைக்கும் நின்றது. துடுப்பு போடக் குனிந்தால் முகம் உள்ளே போய்விடும், நிமிர்ந்தால் மூக்கு மட்டும் வெளியே வரும். குண்டுப் பையனின் ஊக்கு கழன்று காலர் ஒரு பக்கம் இறக்கை மாதிரி விரிந்துவிட்டது. அவன் நிறுத்தவில்லை, அதையும் ஆட்டிக்கொண்டு ஆடினான். கூட்டம் விசிலடித்தது. ஹெட்மிஸ்டரஸ் கர்ச்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். இன்னொரு தரம் ஆடு என்று கத்தினார்கள், ஆடினோம். என் பள்ளி வாழ்க்கையில் நான் வாங்கிய பெரிய கைத்தட்டல் அதுதான். பின்வரிசையில் அத்தை அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்தாள்.

முடிந்ததும் அத்தையை இழுத்துக்கொண்டு அம்மா ஹெட்மிஸ்டரஸிடம் போனாள். நானும் காலரோடு போனேன். அவர் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார். "காலர் என்ன நீட்டா இருக்கும்மா! இந்த ஊர்ல யாருக்கு இப்படி வரும்?" என்றார். அளவைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பிறகு கொஞ்சம் தயங்கி, "யூனிஃபார்ம் மட்டும் கமிட்டில ரெடிமேட் வாங்கலாம்னு சொல்லிட்டாங்கம்மா. பெங்களூர்ல எக்ஸ்போர்ட்காரங்களே தைச்சுத் தர்றாங்களாம். இங்க தையல் கூலிக்கு ஆகிறதுல அங்க முழுச் சட்டையே வந்துருது. எப்படித்தான் அவ்ளோ மலிவா குடுக்குறாங்களோ!" என்றார்.

எப்படிக் கொடுக்கிறார்கள் என்று சொல்லக்கூடியவள் எதிரிலேயே நின்றாள். அவள் கையைத்தான் ஹெட்மிஸ்டரஸ் பிடித்துக்கொண்டிருந்தார். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அத்தையும் சொல்லவில்லை, "பரவால்ல மிஸ்," என்றாள். இன்றைக்கும் யாராவது ஒரு துணியைத் தூக்கிக் காட்டி, இவ்வளவு மலிவு, நம்பவே முடியவில்லை என்று சொன்னால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. நம்ப முடியவில்லை என்றால் ஏன் என்று கேள். கேட்க மாட்டாய். கேட்டால் விலை ஏறும்.

திங்கட்கிழமை அத்தை ரயில் ஏறினாள். சனிக்கிழமை வராததற்காக அவளை மெஷினை விட்டு எழுப்பிவிட்டார்கள். தைத்து முடித்த சட்டைகளில் அங்கங்கே நூல் பிசிறு தொங்கும். அதைச் சின்னக் கத்தரியால் நறுக்க வேண்டும், நாள் முழுக்க நின்றபடி. கம்பெனியில் அதற்கும் கட்டிங் என்றுதான் பெயர். புதிதாக வருகிறவர்களுக்கும் வயசானவர்களுக்கும் கொடுக்கிற வேலை, சம்பளமும் அதற்கேற்ற மாதிரி. இதெல்லாம் எனக்குப் பெரியவள் ஆன பிறகு தெரிந்தது. அன்று எனக்குக் கிடைத்தது அம்மா நைனாவிடம் சொன்ன ஒரே ஒரு வரிதான்: "பாப்பாவ கட்டிங்ல போட்டுட்டாங்களாம்."

கட்டிங்! எங்கள் ஊர் டெய்லர் கடையில் கட்டிங் மாஸ்டருக்குத்தான் நாற்காலி. மற்றவர்களெல்லாம் அவர் வெட்டிக் கொடுப்பதைத் தைக்கிறவர்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. லைன் முழுக்க ஓடினேன். எங்க அத்தை கட்டிங் மாஸ்டர் ஆயிட்டாங்க என்று வீடு வீடாகச் சொன்னேன். பக்கத்து வீட்டு அக்கா என் கையில் கொஞ்சம் சர்க்கரை கூடக் கொடுத்தாள்.

மறுநாள் சாயங்காலம் ரயில் வரும் நேரத்துக்கு ஸ்டேஷனுக்கே போய் நின்றேன். அத்தை கூட்டத்தோடு இறங்கினாள். காலை மாற்றி மாற்றி வைத்து நடந்து வந்தாள். கட்டை விரலில் துணி சுற்றியிருந்தாள்.

"அத்த, கட்டிங்ல போட்டுட்டாங்களாமே! இனிமே காலர் மட்டும் இல்ல இல்ல? முழு சட்டயும் உனக்குத்தான?"

அத்தை என்னையே பார்த்தாள். கூட இறங்கிய பெண்களில் ஒருத்தி என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அத்தை அவள் கையை அழுத்தி நிறுத்தினாள்.

"ஆமாண்டி கண்ணு," என்றாள். "முழு சட்டயும் இப்ப என் கைக்குத்தான் வருது."

நான் அவள் டிபன் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டே முன்னால் ஓடினேன்.