கொலுப் பூங்காவில் அப்பா

எனக்கு ஏழு வயதான வருடம், நவராத்திரிக்குச் சற்று முன்னால், என் அப்பா சுண்டுவிரல் உயரத்துக்கு ஆனார்.

அதற்கு முந்தைய வருடமே அப்பாவும் அம்மாவும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். அப்பா அத்திபெலேயில் தனியாக வீடு எடுத்துக்கொண்டார். ஞாயிறுதோறும் பஸ் பிடித்து மல்லேஸ்வரம் வந்து, எங்கள் அபார்ட்மெண்ட் கேட்டுக்கு வெளியே நிற்பார். நான் இறங்கிப் போவேன். நாலாவது மாடிக்கு அவர் ஏறுவதில்லை. ஏன் என்று நான் கேட்டால் பெரியவர்கள் எல்லோருக்கும் உடனே வேறு வேலை வந்துவிடும்.

அம்மாவின் தம்பி, என் மாமா, கேமராப் பைத்தியம். ஒரு ஞாயிறு, சாய்க்கக்கூடிய லென்ஸ் ஒன்றை வாடகைக்கு எடுத்துவந்து, மொட்டைமாடியிலிருந்து தெருவைப் படம் பிடித்தார். நடுவில் ஒரு பட்டை மட்டும் தெளிவாக இருந்தது. மேலும் கீழும் மங்கல். ஆட்டோக்கள் எல்லாம் விளையாட்டுச் சாமான்கள். பூக்காரம்மாவின் கூடையில் கடுகளவு சாமந்தி. கேட்டருகே நீலச் சட்டையில், எங்கள் வீட்டு ஜன்னலை அண்ணாந்து பார்த்தபடி அப்பா.

"மாமா, அப்பாவச் சின்னதாக்கிட்டீங்களா?"

"இல்லம்மா. ரொம்பக் கிட்ட வெச்சுப் பாக்குற பொருளுக்குத்தான் முன்னாடி பின்னாடி இப்படி மங்கும். அதான் கண்ணு ஏமாறுது."

கிட்ட என்பது மட்டும்தான் எனக்குப் புரிந்தது. சந்தேகத்துக்குக் கீழே ஓடிப் போய்ப் பார்த்தேன். அப்பா பழைய உயரத்தில்தான் இருந்தார்.

மாமா படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தார். நான் அப்பாவை மட்டும் கத்தரித்து, சோப்பு டப்பா அட்டையில் ஒட்டினேன். முழு உயரத்தில் மாடி ஏற முடியாதவர் இந்த உயரத்திலாவது வீட்டுக்குள் வரட்டும் என்பது என் கணக்கு. கொலுப்படிகளுக்குக் கீழே, கேழ்வரகு முளைத்த பூங்காவில், பிளாஸ்டிக் பசுவுக்கும் போலீஸ்காரருக்கும் நடுவே அவரை நிறுத்தினேன்.

மாலையில் தாம்பூலத்துக்கு ஆட்கள் வரும் நேரம். அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, முதலில் பார்த்துவிட்டார்.

"இவரு எப்படி இங்க வந்தாரு? எடுத்துருடி, வர்றவங்க கேப்பாங்க."

அம்மா கையில் சுண்டல் பாத்திரத்தோடு குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"கொலுவுல வெச்சத நடுவுல எடுக்கக் கூடாதுக்கா" என்று சொல்லிவிட்டு, சாய்ந்திருந்த அப்பாவை நிமிர்த்தி வைத்தாள்.

நவராத்திரி முடியும்வரை அவர் அங்கேயே நின்றார். விஜயதசமிக்கு மறுநாள் அம்மா அவரைப் பஞ்சில் சுற்றி, மரப்பாச்சிகளோடு பெட்டியில் வைத்தாள். அடுத்த வருடம் அவளே எடுத்துப் பூங்காவில் நிறுத்தினாள்.

அம்மா அப்படியொன்றும் வழக்கம் பார்க்கிறவள் அல்ல. சாமிக்குப் படைக்கும் முன்பே சுண்டலை வாயில் போட்டு உப்புப் பார்ப்பாள். அப்பாவை முதலில் வைத்த அதே நவராத்திரியின் மூன்றாம் நாள், இடம் சரியில்லை என்று செட்டியார் பொம்மையைத் தூக்கி வேறு படியில் வைத்தாள். பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுத்ததே நான்தான். அப்படியும், அப்பாவை அவள் விட்டுவைத்தது வழக்கத்துக்குப் பயந்துதான் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.