தங்கச்சிக்குச் சொன்ன அவுட்

லாரிப் பட்டறைக்காரரைப் பேர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. கறார் என்றால்தான் தெரியும். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஸ்பானர் துடைக்கிற வேலையில் சேர்ந்து, இன்று சொந்தப் பட்டறையில் ஆட்களுக்குச் சம்பளம் போடுகிறவர். எவன் சிபாரிசிலும் வளர்ந்தவர் இல்லை, எவனுக்கும் சிபாரிசு செய்தவரும் இல்லை. எஞ்சின் சத்தத்தைக் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட மனுஷனை ஞாயிற்றுக்கிழமை நடக்கிற, பேஸ்பால் மாதிரியான சாஃப்ட்பாலுக்கு அம்பயராகக் கூப்பிடாமல் வேறு யாரைக் கூப்பிடுவார்கள்?

ஆட்டம் என்னவோ பொழுதுபோக்குதான். பேக்கரி ஒரு அணி, பஸ் டிப்போ ஒரு அணி. ஆணும் பெண்ணுமாகத் தொப்பையோடும் மூட்டுவலியோடும் ஓடுவார்கள். ஆனால் கறார் நின்றால் சட்டம் சட்டம்தான். பந்தை அடித்ததும் மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓடணும், வீசினால் அவுட் என்ற சட்டமே அவர் கொண்டுவந்தது. போன வருஷம் பறந்து வந்த மட்டை ஒருத்தர் முழங்காலைப் பதம் பார்த்திருந்தது.

அவருடைய தங்கை பேக்கரிக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருப்பவள். ஆள் குறைகிறது என்று அவளையும் பேக்கரி அணியில் இழுத்துவிட்டார்கள். சேர்ந்த நாளாக ஒரு தடவைகூட, பந்தை அடித்துவிட்டு ஓடிப்போய்த் தொட வேண்டிய முதல் கட்டமான முதல் பேஸை மிதித்ததில்லை.

அன்றைக்கு ஆரம்பத்திலேயே டிப்போ டிரைவர் அடித்துவிட்டு மட்டையை வீசினார்.

"டிரைவரே! அடுத்த தடவை அவுட்டுதான், சொல்லிட்டேன்."

"கை வியர்வைண்ணே. மன்னிச்சுக்குங்க."

போகட்டும் என்று விட்டார்.

கடைசி வாய்ப்பு தங்கை கைக்கு வந்தது. மூன்றாவது பேஸில் பேக்கரி முதலாளி காத்திருந்தார். அவர் ஓடி வந்துவிட்டால் ஆட்டம் சமன். இவள் அவுட்டானால் தோல்வி. கண்ணை மூடிக்கொண்டு சுழற்றினாள். பட்டுவிட்டது! பந்து புல்லில் உருண்டது, மட்டை ஒரு பக்கம் பறந்தது, இவள் சிறுபிள்ளை மாதிரி கூவிக்கொண்டே ஓடி பேஸை மிதித்தாள்.

"அவுட்! மட்டையை வீசியாச்சு!"

பேக்கரி முதலாளிக்கு மூச்சு வாங்கியது. "ஏண்ணே, டிரைவருக்கு ஒரு நியாயம், கூடப் பிறந்தவளுக்கு ஒரு நியாயமா?"

"சட்டத்துக்கு அண்ணன் தங்கச்சி கிடையாது."

"இதான்யா கறார்!" என்று டிரைவர் கை தட்டினார். வழக்கமாக இனிக்கும் அந்தப் பேச்சு அன்றைக்குக் கசந்தது.

இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் தையல் கடைக்குப் போனார். தங்கை தலை நிமிராமல் ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள்.

"கோவமாம்மா?"

"எதுக்குண்ணே? மட்டை கையை விட்டுப் போனப்பவே தெரியும், நீ அவுட்டு குடுப்பேன்னு." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "வேற யார் தங்கச்சியா இருந்தாலும் விட்டிருப்பே, இல்ல?"

மேஜையில் கிடந்த அளவு நாடாவை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தார். 'தங்கச்சிக்குப் பார்த்தான்' என்று நாலு பேர் சொல்லிவிடக் கூடாது. அன்றைக்கு அவர் மனசில் இருந்தது அவ்வளவுதான். முழங்காலும் இல்லை, சட்டமும் இல்லை.

"ஞாயித்துக்கிழமை வருவியா?"

"நீ நிக்கலன்னா வர்றேன்."

இடுப்பு பிடித்துக்கொண்டது என்று ஒரு பொய்யைச் சொல்லி, வேறு ஆளை அம்பயராக நிற்கவைத்தார். மனசு கேட்காமல், ஞாயிறன்று வேலிக்கு வெளியே லாரி மறைவில் நின்று பார்த்தார்.

தங்கை இந்தத் தடவையும் அடித்தாள். நல்ல அடி. ஆனால் ஓடவில்லை. குனிந்து, மட்டையை இரண்டு கையாலும் தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல் தரையில் வைத்தாள். அதற்குப் பிறகுதான் ஓடினாள். பேஸை மிதிக்க இன்னும் ஒரு எட்டு இருக்கும்போதே பந்து அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. அவுட்.

"போட்டுட்டு ஓடும்மா" என்று அவருக்கு வாய்வரை வந்தது. எந்த முகத்தோடு கத்துவது?