அலாரம் வென்ட் ஆஃப்

இங்கே வந்த புதிதில் ஒருநாள் பால் போய்விட்டது என்றார்கள். முதியோர் இல்லம் ஒன்றின் சலவை அறையில் எனக்கு வேலை. கூட வேலை செய்யும் ட்ரேசி தேநீர் போடுவதற்காக ஃபிரிட்ஜைத் திறந்தாள், பால் கேனை மூக்கருகே கொண்டுபோனாள், முகத்தைச் சுளித்துக்கொண்டு "இட்ஸ் கான் ஆஃப்" என்றாள். கேனில் முக்கால்வாசிப் பால் அப்படியே இருக்கிறது. எங்கே போனது என்று நான் எட்டிப் பார்த்தேன். அவள் அதைத் தொட்டியில் கவிழ்த்தபோது வந்த நாற்றத்தில்தான் புரிந்தது, பால் திரிந்துபோயிருக்கிறது. கெட்டுப்போவதற்கு இவர்கள் இப்படியும் சொல்வார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை. யோசித்திருக்கலாம்.

திருப்பூரில் எங்களுக்கு ஆஃப் என்றால் ஒரே அர்த்தம்தான். மோட்டார் ஆஃப், கரண்ட் ஆஃப், ஃபோன் ஸ்விட்ச் ஆஃப். முதலிபாளையத்தில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியின் ஆபீசில் ஐந்து வருடம் இருந்தேன். சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர்களுக்கு மெயில் அனுப்புவது, வெளிநாட்டிலிருந்து யாராவது வந்தால் கூட நடந்து மொழிபெயர்ப்பது, இரண்டும் என் வேலை. வீரபாண்டியில் என் வீட்டைச் சுற்றி இருந்தவர்கள் என்னை "இங்கிலீசுப் புள்ள" என்றுதான் சொல்வார்கள். எனக்கும் அதில் பெருமை இருந்தது.

அந்தப் பெருமை இருந்த காலத்தில் நடந்தது இது. ஆடிட் நாள், அதாவது பையர் கம்பெனி ஆள் அனுப்பி எங்கள் பாதுகாப்பு ஏற்பாடுகளைச் சோதிக்கும் நாள். லண்டனிலிருந்து ஹெலன் என்ற அம்மையார் வந்திருந்தார். காலை பதினொரு மணி இருக்கும். கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடினால் முன்பக்கக் கட்டிடத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. வளாகத்தைத் தனியாகச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த ஹெலன், ஆபீஸ் வாசலில் நின்று சிரித்தபடி சொன்னார்: "த அலாரம் வென்ட் ஆஃப் அட் த பேக். இஸ் தட் ஃபார் அஸ்?"

பின்னால் தீ அலாரம் ஆஃப் ஆகிவிட்டது, எங்களுக்குக் காட்டத்தான் இப்படி வைத்திருக்கிறீர்களா என்று குத்திக்காட்டுகிறார். அப்படித்தான் நான் புரிந்துகொண்டேன். "சாரி மேடம், வீ வில் செக்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். மேனேஜரிடம் ஓடினேன்.

"சார், பின்னாடி குடோன்ல அலாரம் ஆஃப் ஆயிருச்சாமாங்க. மேடம் பாத்துட்டாங்க."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "அம்மிணி, அந்தம்மாவுக்கு டீ குடுத்து இங்கயே உக்கார வெய்யி. ரங்கசாமிய ஆன் பண்ணச் சொல்லு."

ரங்கசாமி அண்ணன் எங்கள் எலக்ட்ரீசியன். ஃபோன் போட்டேன்.

"இல்லீங்களே அம்மிணி, காலைல நானே டெஸ்ட் பண்ணிப் பாத்தனுங்க, நல்லாத்தான் இருந்துது. ஜெனரேட்டர் லைன் ஒண்ணு விட்டு விட்டு வருது. இத முடிச்சுட்டுப் போறனுங்க."

நான் சரி என்றேன். ஹெலனுக்கு டீ வந்தது. பிஸ்கட் வந்தது. இருபது நிமிடம் போனது.

பின் குடோனில் வேஸ்ட் துணி மூட்டைகள் புகைந்துகொண்டிருந்தன. பாலி பேக் எடுக்க உள்ளே போன செல்வராணி அங்கேதான் இருந்தாள். விளாத்திகுளம் பக்கத்துப் பெண், பேக்கிங் பிரிவு, தினமும் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுபவள். என் ரசத்தை ஊற்றிக்கொண்டு "இது என்னடி வெந்நீ மாதிரி இருக்கு" என்று சிரிப்பாள். லாரிக்காரர் ஒருவர் புகையைப் பார்த்துக் கத்தியபிறகுதான் எல்லோரும் ஓடினோம். தூக்கிக்கொண்டு வரும்போது அவளுக்கு மூச்சு இருந்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள்.

நாங்கள் குடோனுக்குப் போனபோது அலாரம் சத்தமில்லாமல்தான் இருந்தது. ஒயர் உருகியிருந்தது. விசாரணையில் என்னைக் கேட்டார்கள். அலாரம் ஆஃப் என்று மேடமே முன்கூட்டிச் சொன்னார் என்றேன். ஹெலன் ஊருக்குப் போய் அனுப்பிய அறிக்கையிலும் அதே வரி இருந்தது. அதைப் பிரிண்ட் எடுத்து ரங்கசாமி அண்ணன் முன்னால் வைத்து, நான்தான் வாசித்துக் காட்டினேன். டெஸ்ட் செய்துவிட்டு ஆன் செய்ய மறந்துவிட்டான் என்று முடிவாயிற்று. "மறக்கலீங்க, சாமி சத்தியமா மறக்கலீங்க" என்று அவர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். கடைசியாக என் முகத்தைப் பார்த்தார். நான் பேப்பரைப் பார்த்தேன். அதன்பிறகு திருப்பூரில் எந்தக் கம்பெனியும் அவரை உள்ளே விடவில்லை.

எனக்குக் கல்யாணமாகி, கணவருக்கு ஹெலனின் நாட்டிலேயே வேலை கிடைத்து, இங்கே வந்து சேர்ந்தோம். வெளிநாடுகளிலிருந்து வந்தவர்களுக்காக நூலகத்தில் வியாழக்கிழமைகளில் ஆங்கில வகுப்பு நடக்கிறது. ஜூடித் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை எடுக்கிறார். போன மாதம் ஒருநாள் பலகையில் 'கோ ஆஃப்' என்று எழுதிவிட்டு, அன்றாடம் பேசுகிற மாதிரி மூன்று வாக்கியம் எழுதச் சொன்னார். பால் வாக்கியத்தை முதலில் எழுதினேன். லைட்டை வைத்து ஒன்று. மூன்றாவதாக, ஏன் எழுதினேன் என்று தெரியாது, அலாரம் வென்ட் ஆஃப், ஆகவே யாரும் வரவில்லை என்று எழுதினேன்.

ஜூடித் என் தோளருகே குனிந்து வாசித்தார். "ஆகவே எல்லோரும் வந்தார்கள் என்றுதானே எழுத நினைத்தாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இல்லை, அலாரம் வேலை செய்யவில்லை."

"இல்லையம்மா. லைட் கோஸ் ஆஃப் என்றால் அணைகிறது. அலாரம் கோஸ் ஆஃப் என்றால் அடிக்கிறது." விரலை உயர்த்தி அலாரம் போலவே சத்தம் எழுப்பிக் காட்டினார். வகுப்பு முழுக்கச் சிரித்தது. சோமாலியாவிலிருந்து வந்த பெண்ணும், போலந்துக்காரரும், எல்லோரும். நானும் அவர்களோடு சேர்ந்து வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

அடித்திருக்கிறது, ஒயர் உருகும்வரை. ஹெலன் அதைக் கேட்டிருக்கிறார், ஆடிட்டுக்காகச் செய்யும் ஒத்திகையா என்று சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார். செல்வராணியும் கேட்டிருப்பாள். காலையில் டெஸ்ட் செய்ததை மறுபடி செய்கிறார் ரங்கசாமி அண்ணன் என்று நினைத்து, பாலி பேக்குகளைத் தேடிக்கொண்டே இருந்திருப்பாள். அந்தச் சத்தத்தைக் கேட்காதவள் நான் மட்டுமில்லைதான். ஆனால் அது அடிக்கிறது என்று காதில் சொல்லப்பட்ட ஒரே ஆள் நான். அன்றிலிருந்து இல்லத்தில் எந்தக் கிழவர் தலைமாட்டில் மணி ஒலித்தாலும், ஈரத் துணியைப் போட்டுவிட்டு நான்தான் முதலில் ஓடுகிறேன். அது என் வேலை இல்லை என்று இரண்டு முறை சொல்லிவிட்டார்கள்.

ரங்கசாமி அண்ணனிடம் சொல்வதை மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். யாரும் கேட்கப்போவதில்லை, எனக்கு மட்டும்தான் தெரியும் என்றுகூட ஓரிரண்டு நாள் இருந்து பார்த்தேன். முடியவில்லை. நேற்று வகுப்புக்குள் நுழையாமல் வாசல் கூடத்தில் நின்று, அவருடைய பழைய எண்ணை அழைத்தேன். அவர் எண்ணை மாற்றியிருக்கவில்லை. என் பேரைச் சொன்னதும், "சொல்லுங்க அம்மிணி, சௌக்கியமுங்களா" என்றார். அதே மரியாதை. நலம் விசாரித்தால் தைரியம் போய்விடும் என்று நேரடியாகச் சொன்னேன். அந்தச் சொல்லுக்கு அடித்தது என்று அர்த்தம், நான்தான் தப்பாகச் சொன்னேன், தப்பாக வாசித்தேன், நீங்கள் மறக்கவில்லை.

அந்தப் பக்கம் ஏதோ தறி ஓடும் சத்தம் கேட்டது.

"அப்ப அடிச்சுதுங்களா?"

"அடிச்சுதுங்கண்ணா."

"நானே ஆன் பண்ண மறந்துட்டனாட்டம் இருக்குதுன்னு நம்பிப்போட்டனுங்க, அம்மிணி. கனவுல எல்லாம் அந்த ஸ்விட்ச் ஆஃப்லதான் இருக்கும்." மூச்சை இழுத்துக்கொண்டார். "இருங்க, ஊட்ல இருக்கறவகிட்ட ஒருக்கா சொல்லுங்க. நாஞ் சொன்னா அவ நம்பமாட்டா."

அவர் மனைவியிடம் மறுபடி எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் அந்த அம்மா, "அந்தப் புள்ளையோட அப்பன் ஆத்தாகிட்டயும் சொல்லிப்போடுங்க. அவிகளும் இவரத்தான் நெனச்சுட்டு இருப்பாங்க" என்றார். மன்னிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. விளாத்திகுளம் எண் தன்னிடம் இருப்பதாகச் சொல்லி, ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னார். எழுதிக்கொண்டேன்.

ஃபோன் திரும்பவும் ரங்கசாமி அண்ணன் கைக்கு வந்தது.

"அங்க இப்ப மணி என்னங்க?"

எனக்கு நேர் எதிரே பெரிய சுவர்க் கடிகாரம் பத்து காட்டியது. வெளியே வெயில் ஏறாத சாம்பல் காலை, கோட்டை மாட்டிக்கொண்டு ஆட்கள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நான் ஊர் நேரத்தைச் சொன்னேன்:

"மூணரைங்கண்ணா."

"அட, இங்கயும் மூணரைதானுங்க" என்றார் அவர், ஆச்சரியமாக. நான் திருத்தவில்லை.